டைமர் போட்டாலும் நிற்காத திரை நேரம்: வீட்டில் எதிலிருந்து தொடங்குவது?

முற்றம் எழுதியது:

வீட்டில் ஆறு பேர். வேலைக்குப் போகும் பெரியவர்கள் இருவர், பாட்டி, 14 வயதுப் பெண், 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன். ஹாலில் ஒரு ஸ்மார்ட் டிவி. பெரியவர்களிடமும் பாட்டியிடமும் ஆண்ட்ராய்டு, மூத்தவளிடம் ஐபோன். சின்னவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட், அதில் இருப்பது பெரியவர் ஒருவருடைய கூகுள் கணக்கு.

செய்து பார்த்தவை: எல்லாக் கருவிகளிலும் ஆப் டைமர். அதை அவரவரே நீக்கிவிடுகிறார்கள், பெரியவர்கள் உட்பட. இரவில் வைஃபையை அணைப்பது. மூத்தவள் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுகிறாள். சின்னவனுக்குத் திரை ஓடினால்தான் சாப்பாடு இறங்கும். நிறுத்தினால் அழுகை, நிறுத்தப்போகிறேன் என்று முன்கூட்டியே சொன்னால் இன்னும் பெரிய அழுகை.

கேள்விகள்:
ஒவ்வொரு வயதுக்கும் எத்தனை மணி நேரம் சரி? எந்த வரிசையில் மாற்றுவது? பூட்டுகளில் இருக்கும் ஓட்டைகளை எப்படி அடைப்பது? சாப்பாட்டு நேரத்தை என்ன செய்வது?

---

அளவுகோல் எழுதியது:

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் உண்டு, ஆனால் அது உங்களுக்குப் பெரிதாக உதவாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதைவிடக் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. பள்ளி வயதுக்கு இப்படி ஒற்றை எண் கிடையாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016-இலேயே 6 வயதுக்கு மேல் மணிக்கணக்கு சொல்வதை விட்டுவிட்டது. வீட்டுக்கு வீடு ஒரு வரம்பு வைத்துக்கொண்டு அதில் நிலையாக இருங்கள், தூக்கத்தையும் உடல் அசைவையும் திரை தின்னாமல் பாருங்கள் என்பதுதான் அதன் பரிந்துரை.

ஆகவே கணக்கைத் தூக்கத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 13–18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், 6–12 வயதுக்கு 9 முதல் 12, 3–4 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13. மூத்தவள் காலை 6:30-க்கு எழவேண்டும் என்றால், எட்டே முக்கால் மணி நேரத் தூக்கத்துக்கு 9:45-க்குத் தூங்கியிருக்க வேண்டும். படுத்தவுடனே தூக்கம் வராது, எனவே 9 மணிக்குப் போன் கையை விட்டுப் போகவேண்டும். பள்ளி, வீட்டுப்பாடம், வெளியே ஓடியாடும் ஒரு மணி நேரம், குளியல், சாப்பாடு இவற்றையும் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு என்று தாளில் எழுதிப் பாருங்கள். பள்ளி நாளில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினாலே ஆச்சரியம். வரம்பைப் பற்றி வாதிட இந்தத் தாள் போதும், எந்த நிறுவனத்தின் எண்ணும் வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு எதையும் மாற்றாதீர்கள், அளந்து மட்டும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’, ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’. மொத்த மணி நேரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், அந்த எண் சில நேரம் பொய் சொல்லும். வழிகாட்டும் வரைபடம் ஓடிக்கொண்டிருந்த நேரம் அதில் சேரும், திரை அணைந்த நிலையில் கேட்ட பாட்டு சேராது, டிவி நேரம் வரவே வராது. அதைவிடப் பயனுள்ளவை வேறு இரண்டு எண்கள்: ஒரு நாளில் எத்தனை முறை போனைத் திறந்தார்கள், எத்தனை நோட்டிஃபிகேஷன் வந்தது. மணி நேரம் குறைவாகவும் திறந்த தடவை மிக அதிகமாகவும் இருந்தால் அங்கே சிக்கல் வீடியோ அல்ல, நோட்டிஃபிகேஷன்தான். பெரியவர்கள் பலருக்கு இதுதான் நிலை, அவர்களுக்கு டைமர் எந்தப் பலனும் தராது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளும் ஒட்டுங்கள். யார், எந்த நேரம், எந்தக் கருவி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் வாரக் கடைசியில் இரண்டு மூன்று குவியல்கள் தெளிவாகத் தெரியும்: சமையல் நடக்கும் மாலை நேரம், சாப்பாடு, படுக்கை. நாள் முழுவதும் கண்காணிப்பதைவிட இந்த மூன்றில் கை வைப்பது எளிது.

அதில் படுக்கையை முதலில் எடுங்கள். காரணம், அதில் வாதம் குறைவு, பலன் சீக்கிரம் தெரியும். எல்லாப் போனுக்கும் டேப்லெட்டுக்கும் சமையலறையிலோ ஹாலிலோ ஒரே இடத்தில் சார்ஜ். பல துளை உள்ள மேசைச் சார்ஜர் ஒன்று போதும். மொத்தம் 60–65 வாட் இருந்தால் ஐந்து கருவிகள் இரவுக்குள் நிதானமாக நிரம்பும், வேகச் சார்ஜ் தேவையில்லை. கேபிள் அரையடி, ஒரு அடிக்கு மேல் வேண்டாம். நீளக் கேபிள் என்றால் சோஃபா வரை வந்துவிடும். மூடியுள்ள டப்பா, துணிப்பை, இழுப்பறை எதிலும் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள், சூடு வெளியேற வழி வேண்டும். படுக்கையறைகளில் மிச்சமிருக்கும் சார்ஜர்களைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஒன்று விட்டுவைத்தால் ஏற்பாடு அந்த ஓட்டை வழியாகவே ஒழுகும்.

இந்த ஏற்பாடு உடைவதற்கான வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, “அலாரத்துக்குப் போன் வேண்டும்”. அறைக்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிவைத்த பிறகே விதியை அறிவியுங்கள். மற்றது, “அவசர அழைப்பு வந்தால்?”. ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டு, குறிப்பிட்டவர்களின் அழைப்பை மட்டும் அனுமதியுங்கள், மீண்டும் அழைப்பவர்களுக்கான அனுமதியையும் இயக்குங்கள். ஐபோனில் ஒரே ஆள் மூன்று நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி ஒலிக்கும், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள். மணி கேட்கும் தூரத்தில் சார்ஜர் இருந்தால் போதும்.

பெரியவர்களின் போனும் அங்கேயே இருக்கவேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையிருக்காது என நினைக்கிறேன்.

---

கம்பிவலை எழுதியது:

ஓட்டைகள் பத்தி மட்டும் சொல்றேன். நீங்க போட்ட ஆப் டைமர் பூட்டே இல்லை. டிஜிட்டல் வெல்பீயிங் டைமருக்குக் கடவுச்சொல் கிடையாது, போட்டவரே ரெண்டு தட்டுல நீக்கலாம். தன்னைத் தானே நினைவுபடுத்திக்கிற பெரியவங்களுக்கு அது சரி. பிள்ளைங்களுக்கு வேற வழி.

டேப்லெட். பெரியவர் கணக்குல ஓடுற வரைக்கும் ‘ஃபேமிலி லிங்க்’ (பிள்ளைங்க கருவியைப் பெற்றோர் கட்டுப்படுத்துற கூகுள் ஆப்) அதுல வேலை செய்யாது. தேவையான படங்களை எடுத்து வெச்சுட்டு ஃபேக்டரி ரீசெட் (எல்லாத்தையும் அழிச்சுப் புதுசு மாதிரி ஆக்குறது) பண்ணுங்க. ஒன்பது வயசுப் பெண்ணுக்கு உங்க போன்லேருந்து குழந்தைக் கணக்கு உருவாக்கி, அந்தக் கணக்கை வெச்சே டேப்லெட்டைத் திறங்க. அப்புறம் தினசரி வரம்பு, இரவு ஓய்வு நேரம், ஆப் வரம்பு மூணும் உங்க போன்லேருந்தே வைக்கலாம். பாட ஆப்களை ‘எப்போதும் அனுமதி’ பட்டியல்ல போடுங்க, இல்லேன்னா வரம்பு முடிஞ்ச நேரத்துல வீட்டுப்பாடம் நிக்கும், அதைச் சாக்கா வெச்சு வரம்பு தளரும். பின்னாடி ரெண்டாவது கருவி வந்துதுன்னா ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்: தினசரி வரம்பு கருவிக்குக் கருவி தனித்தனி. ஒரு மணி நேரம்னு வெச்சா ரெண்டு கருவியில ரெண்டு மணி நேரம்.

யூடியூப் ஆப்பை மட்டும் தடுத்தா பிரவுசர்ல போய்ப் பார்ப்பாங்க. ஃபேமிலி லிங்க்ல தடுக்கப்பட்ட தளங்கள்ல யூடியூபோட முகவரியையும் சேருங்க. சின்னவனுக்கு யூடியூப் கிட்ஸ் மட்டும், அதுலயும் ‘நீங்கள் அனுமதித்தவை மட்டும்’ முறை. தேடல் பெட்டியே அதுல மறைஞ்சிடும். சேனலைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் ஆகும், ஆனா ஒரு தடவை உட்கார்ந்தா போதும்.

ஐபோன். குடும்பப் பகிர்வு (ஆப்பிளோட குடும்பக் கணக்கு வசதி) வழியா அமைக்க உங்க வீட்ல வேற ஐபோன் இல்லை, அதனால மூத்தவ போன்லயே ஸ்கிரீன் டைம் அமைக்கணும். வரிசை:

1. ஸ்கிரீன் டைம் செட்டிங்ஸைப் பூட்டும் பாஸ்கோடு. திரையைத் திறக்கிற எண்ணா அது இருக்கக் கூடாது. பாஸ்கோடு மறந்தா மீட்க ஆப்பிள் கணக்கு ஒண்ணு கேக்கும், அங்க அவளோட கணக்கைக் கொடுத்தா அவளே மாத்திக்குவா. பெரியவர் கணக்கைக் கொடுங்க.
2. ‘டவுன்டைம்’ (ஆப்கள் பூட்டியிருக்கிற நேரம்) இரவு 9 முதல் காலை வரைக்கும். அதுக்குக் கீழ ‘டவுன்டைமில் தடு’ன்னு ஒரு பொத்தான் இருக்கு. அதை இயக்கலேன்னா “வரம்பைப் புறக்கணி”ன்னு தட்டிட்டுப் போயிடலாம். ஆப் வரம்புலயும் இதே மாதிரி ‘வரம்பு முடிந்ததும் தடு’. பலர் தோற்கிற இடம் இதுதான்.
3. ‘எப்போதும் அனுமதிக்கப்பட்டவை’ பட்டியலைப் பாருங்க. அழைப்பைத் தவிர மத்ததெல்லாம் தேவையான்னு யோசிங்க.
4. உள்ளடக்கக் கட்டுப்பாட்டுல ஆப் நீக்குறதைத் தடை பண்ணுங்க. நீக்கி மறுபடி நிறுவினா வரம்பு அழிஞ்சிடும்கிற பழைய வித்தை இன்னும் உலாவுது.
5. ஆப்புக்கு வரம்பு வெக்கும்போது அதே சேவையோட இணையதளத்தையும் சேர்க்கணும்.

பாஸ்கோடு போடும்போது அவ பக்கத்துல நிக்க வேண்டாம், கண்ணாடி முன்னாடியும் வேண்டாம். நாலு இலக்கத்தை விரலசைவுல பிடிக்கிற பிள்ளைங்க நிறைய.

ரவுட்டர். வைஃபையை முழுசா அணைக்கிறதை நிறுத்துங்க, பெரியவங்க வேலை கெடும், அப்புறம் நீங்களே போடுவீங்க. விருந்தினர் நெட்வொர்க் இருந்தா அதைப் பிள்ளைகளோட கருவிகளுக்கு ஒதுக்கி அதுக்கு மட்டும் நேர அட்டவணை கொடுங்க. முதன்மை நெட்வொர்க்கோட பாஸ்வேர்டை மாத்திடுங்க. கவனிக்க வேண்டியவை: விருந்தினர் நெட்வொர்க்லேருந்து டிவிக்கு காஸ்ட் ஆகாது, அதாவது போன்ல ஓடுறதை டிவிக்கு அனுப்ப முடியாது (அது நல்லதுதான்). பெரியவர் போன்ல வைஃபை க்யூஆர் குறியீட்டைக் காட்டினா யாரும் நுழையலாம், அதனால பெரியவங்க போனுக்குத் திரைப்பூட்டு அவசியம். கருவிக்கு ஒரு அட்டவணைன்னு மேக் முகவரியை (நெட்வொர்க்ல ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டுற எண்) வெச்சுத் தடுக்கப் போனா, புது ஆண்ட்ராய்டும் ஐபோனும் தற்செயல் முகவரி கொடுக்கிறதால தடை நழுவும். அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் நிஜ முகவரியைப் பயன்படுத்தச் சொல்லி அமைக்கணும். ரவுட்டரோட கடிகாரமும் நேர மண்டலமும் சரியா இருக்கான்னு பாருங்க. மின்சாரம் போய் வந்தபிறகு தப்பு நேரத்துல அட்டவணை ஓடுறது சகஜம்.

மொபைல் டேட்டாவை ரவுட்டரால ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கு டவுன்டைம், இல்லேன்னா மேல சொன்ன சமையலறைச் சார்ஜர். ரெண்டாவதுதான் உறுதி.

ஆட்டோபிளே, அதாவது அடுத்த வீடியோ தானா ஓடுறது. டைமர் போடுறதைவிட இதை அணைக்கிறதுக்குப் பலன் அதிகம். யூடியூப்ல இது கருவிக்குக் கருவி தனி, டிவியில ஒரு தடவை, டேப்லெட்ல ஒரு தடவை அணைக்கணும். நெட்ஃபிளிக்ஸ்ல ஒவ்வொரு புரொஃபைலுக்கும் பிளேபேக் செட்டிங்ல அடுத்த எபிசோடும் முன்னோட்டமும் தனித்தனிக் குறிகள், ரெண்டையும் எடுங்க. மாத்தினதும் டிவியில வேற புரொஃபைலுக்குப் போய்த் திரும்பி வந்தாத்தான் சில நேரம் ஏறும். பெரியவங்க கணக்குல யூடியூப் பார்வை வரலாற்றை அழிச்சு, பதிவாகுறதையும் நிறுத்திட்டா முகப்புப் பக்கம் ஏறக்குறைய வெறுமையா வரும். தேடினா மட்டும் பார்க்கலாம். அது ஒண்ணே பல பேருக்குப் போதும்.

---

கூழாங்கல் எழுதியது:

சின்னவனைப் பற்றி. முன்கூட்டியே சொன்னால் அழுகை கூடுகிறது என்று நீங்கள் எழுதியது உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய விசித்திரம் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் 1–5 வயதுக் குழந்தைகளின் வீடுகளில் இதையே பார்த்தார்கள். “இன்னும் இரண்டு நிமிடம்” என்று எச்சரித்த நேரங்களில் நிறுத்துவது மேலும் கடினமாக இருந்தது. பெற்றோர் நிறுத்துவதைவிட, நிகழ்ச்சி தானே முடிவதும் கருவி தானே நிற்பதும் சுமுகமாக நடந்தன. நான்கு வயதுக்கு இரண்டு நிமிடம் என்பது கால அளவாக விளங்காது. பிடித்ததைப் பறிக்கப் போகிறார்கள் என்ற செய்தி மட்டும் விளங்கும்.

எனவே முடிவு உள்ள பொருளைக் கொடுங்கள். ஒரு எபிசோட் 7–10 நிமிடம், இரண்டு எபிசோடுகளை முன்கூட்டியே தரவிறக்கி வைத்து, டேப்லெட்டை விமானப் பயன்முறையில் போட்டுக் கையில் தாருங்கள். அடுத்தது என்று ஒன்று இல்லவே இல்லை. வரம்பு வைத்தது நீங்கள் என்றாலும் முடிந்துபோவது கதை. குறுங்காணொளி இந்த வயதுக்கு எந்த அளவிலும் வேண்டாம். அதில் முடிவுப்புள்ளி எங்கும் கிடையாது, எங்கே நிறுத்தினாலும் நடுவில் பிடுங்கியதாகவே இருக்கும்.

கதை முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அடுத்த வேலையைத் தரையில் பரப்பி வையுங்கள். வாய்மொழியாக “போய் விளையாடு” என்பது பயன்படாது. கட்டைகள் பாதி கட்டிய நிலையில், தண்ணீர்த் தொட்டியில் கிண்ணங்கள் மிதக்கும் நிலையில், கண்ணில் படும்படி இருக்கவேண்டும். முடிந்ததும் அருகில் உட்கார்ந்து, “அந்த யானை அப்புறம் எங்கே போச்சு?” என்று கதையைப் பற்றியே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே அங்கே நகர்த்துங்கள்.

சாப்பாடு. ஒரே நாளில் எல்லா வேளையிலும் நிறுத்தாதீர்கள். நன்றாகப் பசிக்கும் வேளை, பெரியவருக்கும் அவசரமில்லாத வேளை, இரண்டும் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காலை வேண்டாம், பள்ளிக்குக் கிளம்பும் பதற்றத்தில் தோற்பீர்கள். அந்த வேளைக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து பாலோ தின்பண்டமோ வேண்டாம், தண்ணீர் போதும். முதல் நான்கைந்து நாள் படத்துக்குப் பதில் ஒலி மட்டும், ஒரு கதையோ பாட்டோ, கருவி கண்ணில் படாத இடத்தில். பிறகு அதுவும் இல்லை, கூட உட்கார்ந்து சாப்பிடும் ஆள் உண்டு. அளவைப் பாதியாக வைத்து, கேட்டால் மறுபடி பரிமாறுங்கள். 20–30 நிமிடம் ஆனதும் கோபமில்லாமல் தட்டை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளை வரை மாற்று உணவு தராதீர்கள். திரையைப் பார்த்தபடி சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, பசியும் தெரியாது. அந்த உணர்வு திரும்பச் சில வாரம் ஆகும், அதுவரை சாப்பாட்டின் அளவு குறைவதை எதிர்பாருங்கள். எடை உண்மையிலேயே இறங்கினாலும், விழுங்கத் திணறினாலும், சில வகை உணவை மட்டுமே தொட்டாலும் இது திரைப் பிரச்சினை அல்ல. மருத்துவரிடம் காட்டவேண்டும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வழக்கமாகக் கிடைத்த ஒன்று நின்றதும் அடம் முதலில் குறையாது, ஏறும். இதுவரை இல்லாத அளவுக்கு ஏறும். முறை தோற்றுவிட்டது என்று அந்த உச்சத்தில்தான் பலர் போனைக் கொடுக்கிறார்கள். அன்று பிள்ளை கற்பது, “இவ்வளவு உரக்க அழுதால் கிடைக்கும்” என்பதை. எப்போதாவது ஒருமுறை பலன் தரும் அழுகை, எப்போதும் பலன் தரும் அழுகையைவிட நீண்ட நாள் நிற்கும். எனவே விருந்தினர் வரும் வாரம், தேர்வு வாரம், யாருக்காவது காய்ச்சல் அடிக்கும் வாரம் எதிலும் தொடங்காதீர்கள். விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று உறுதியுள்ள வாரத்தில் தொடங்குங்கள். பாட்டியும் அதே பக்கம் நிற்கவேண்டும். அவரிடம் விதியை அறிவிப்பாகச் சொல்லாமல், எந்த நேரத்தில் பிள்ளையைச் சமாளிப்பது அவருக்குக் கடினம் என்று கேட்டு, அந்த நேரத்தை வேறொருவர் எடுத்துக்கொள்வதே வழி. பலநேரம் போனைக் கொடுப்பது செல்லத்தால் அல்ல, களைப்பால்.

---

இரவுக்காவல் எழுதியது:

கம்பிவலை சொன்ன பூட்டுகள் எல்லாம் தொழில்நுட்பப்படி சரி. ஆனால் 14 வயதுக்கு அதை முதல் படியாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வயதில் பூட்டை உடைப்பதே ஒரு விளையாட்டு ஆகிவிடும், தோழியின் பழைய போன் ஒன்று பையில் வந்து சேரும், அது உங்கள் கணக்கில் எங்கும் தெரியாது.

அவளோடு உட்கார்ந்து இரண்டு பட்டியல் போடுங்கள். பேரத்துக்கு இடமில்லாதவை மூன்றே: இரவு 9-க்குப் போன் வெளியே, சாப்பாட்டு மேசையில் யாருடைய போனும் இல்லை, புதிய ஆப் நிறுவுமுன் கேட்பது. மற்றதெல்லாம் பேசித் தீர்ப்பவை: பள்ளி நாளில் எவ்வளவு, விடுமுறையில் எவ்வளவு, எந்த ஆப். பேசும்போது எண்ணை அவள் முதலில் சொல்லட்டும். பெரியவர் மனதில் இருக்கும் எண்ணுக்கு அது பெரும்பாலும் அருகிலேயே வரும். ஒப்பந்தத்தில் மீறினால் என்ன என்பதும் இருக்கவேண்டும், அது சிறியதாக, உடனே நடப்பதாக இருக்கட்டும்: மறுநாள் போன் அரை மணி நேரம் முன்னதாகச் சார்ஜருக்கு வரும், அவ்வளவுதான். ஒரு மாதம் போன் இல்லை என்று அறிவித்தால் நான்காம் நாள் நீங்களே திருப்பிக் கொடுப்பீர்கள், அதோடு ஒப்பந்தம் செத்தது.

இரவுக்கு ஒரு குறிப்பிட்ட சிக்கல் உண்டு. வகுப்புத் தோழிகளின் குழு இரவு 9-க்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். விலகியிருந்தால் மறுநாள் பேச்சில் விடுபட்டுப் போவோம் என்ற பயம் உண்மையானது, அதைக் கேலி செய்யாதீர்கள். 8:30-க்கு அவளே “9-க்கு என் போன் போய்விடும்” என்று குழுவில் போடட்டும், பழியைப் பெற்றோர் மேல் போட்டாலும் பரவாயில்லை. காலையில் படித்துக்கொள்ள 10 நிமிடம் ஒதுக்குங்கள். செய்திகளை ரகசியமாகப் படிக்கும் ஆப்பை நிறுவ வேண்டாம். ஒருமுறை தெரிந்துபோனால் நிஜமான ஆபத்து வரும்போது உங்களிடம் சொல்லமாட்டாள்.

திரையை மஞ்சளாக்கும் இரவு முறையைத் தீர்வாக நம்பாதீர்கள். வெளிச்சம் ஒரு காரணம் மட்டுமே. மனதைக் கிளறும் பேச்சும், முடியாமல் நீளும் பார்வையும் தூக்கத்தை அதைவிட அதிகம் தள்ளிப்போடும். ஆண்ட்ராய்டின் உறக்கப் பயன்முறையில் திரையைக் கறுப்பு-வெள்ளையாக்கும் வசதி இருக்கிறது, ஐபோனில் அணுகல்தன்மையின் நிற வடிகட்டியில். பெரியவர்கள் மாலை 7-க்கே அதைப் போட்டுப் பாருங்கள். படக்காட்சி சார்ந்த ஆப்களின் ஈர்ப்பு நன்றாகக் குறையும், செய்தி அனுப்பும் ஆப்களுக்கு வித்தியாசம் தெரியாது.

பெரியவர்களுக்கு இன்னொன்று: மனிதர் நேரடியாக அழைப்பது, எழுதுவது தவிர எல்லா நோட்டிஃபிகேஷனையும் அணையுங்கள், குழுக்களையும் சேர்த்து. அதிகம் இழுக்கும் ஒரே ஒரு ஆப்பை நீக்கிவிட்டு, தேவைப்பட்டால் பிரவுசர் வழியாக ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் தட்டி உள்ளே போங்கள். அந்த 20 நொடித் தடை எந்த டைமரையும்விட நேர்மையானது.

---

முற்றம் எழுதியது:

நன்றி. மூன்று இடங்களில் இன்னும் குழப்பம்.

ஒன்று, ஒன்பது வயதுப் பெண்ணின் வீட்டுப்பாடம் வகுப்புக் குழுவில் பெரியவர் போனுக்கு வருகிறது. அதைப் பார்க்க வாங்கும் போன் திரும்பி வருவதில்லை. இரண்டு, பாட்டிக்கு மாலையில் டிவி வேண்டும், அது அவருடைய ஒரே பொழுதுபோக்கு. ஹாலில் அது ஓடும்போது சின்னவனை எப்படி விலக்குவது? மூன்று, டிவியை நேரத்துக்கு நிறுத்த டைமர் பிளக் போடலாமா?

---

கம்பிவலை எழுதியது:

முதலாவதுக்கு: போனைக் கொடுக்காம விஷயத்தை மட்டும் கொடுங்க. கணினியில அந்தச் செயலியோட வெப் வடிவத்தைத் திறந்து, தினமும் ஒரே நேரத்துல ஒரு பெரியவர் வீட்டுப்பாடத்தைத் தாள்ல எழுதியோ அச்செடுத்தோ கொடுத்துடலாம். பத்து நிமிஷ வேலை. படம் பார்த்தே ஆகணும்னா ஆண்ட்ராய்டுல ‘ஆப் பின்னிங்’ (திரையை ஒரே ஆப்ல பூட்டி வெக்கிறது) இருக்கு, செட்டிங்ஸ்ல பாதுகாப்புப் பகுதியில இயக்கணும். “விடுவிக்க பின் எண் கேள்”ங்கிற குறியையும் போடுங்க, அது இல்லேன்னா ரெண்டு பொத்தானை அழுத்தினா வெளியே வந்துடலாம். குழுவோட உரையாடலையே பின் பண்ணினா அதுல வர்ற வீடியோ இணைப்பு வழியா மேய்வாங்க. படத்தைக் கேலரியில சேமிச்சு, கேலரியைப் பின் பண்ணிக் கொடுங்க. ஐபோன்ல இதே வேலைக்கு ‘கைடட் ஆக்சஸ்’, அதுல நேர வரம்பும் வெக்கலாம்.

---

கூழாங்கல் எழுதியது:

பாட்டியின் டிவியை நிறுத்த வேண்டாம். ஆனால் யாரும் பார்க்காமல் ஓடும் டிவியைக் கட்டாயம் நிறுத்துங்கள். 1–3 வயதுக் குழந்தைகளிடம் செய்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பெரியவர்களுக்கான நிகழ்ச்சி பின்னணியில் ஓடியபோது குழந்தைகள் ஒவ்வொரு முறையும் திரையைச் சில நொடிகளே பார்த்தார்கள், ஆனாலும் ஒவ்வொரு விளையாட்டிலும் நிலைத்த நேரம் சுருங்கியது. உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டியவன், இருந்தாலும் சத்தத்தைப் பிரிப்பது நல்லது. பாட்டிக்கு ப்ளூடூத் ஹெட்ஃபோன். பழைய டிவிகளில் உதட்டசைவுக்கும் ஒலிக்கும் இடைவெளி வரலாம், டிவியின் ஒலி அமைப்பில் தாமதத்தைச் சரிசெய்யும் அளவு இருந்தால் அதில் மாற்றுங்கள், இல்லையென்றால் நீளக் கம்பியுள்ள ஹெட்ஃபோன். காது மந்தமானவர் என்றால் ஒலியின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தி வையுங்கள். அவருடைய நாற்காலி டிவியைப் பார்த்தும், பையனின் பாய் டிவிக்கு முதுகு காட்டியும் இருக்கவேண்டும், முடிந்தால் வேறு அறையில். பையன் வெளியே விளையாடும் நேரத்தையும் பாட்டியின் நிகழ்ச்சி நேரத்தையும் ஒன்றாக்க முடிந்தால் அதைவிட எளிது. வெளிச்சத்தில் வெளியே இருக்கும் நேரம் கிட்டப்பார்வை தொடங்குவதையும் குறைக்கிறது. சீனாவின் குவாங்சௌ பள்ளிகளில் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்ட குழந்தைகளிடம் மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை குறைவாகவே தோன்றியது, 2015-இல் வெளியான முடிவு அது.

---

அளவுகோல் எழுதியது:

டைமர் பிளக் வேண்டாம். நடுக்காட்சியில் சட்டென்று இருட்டாவது சின்னவனுக்கு எப்படியிருக்கும் என்பதைக் கூழாங்கல்லின் பதிலிலிருந்தே ஊகிக்கலாம், பாட்டிக்கும் அது மரியாதையாக இருக்காது. டிவிக்கும் நல்லதல்ல. மென்பொருள் புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரம் நின்றால் சிக்கல், ஓலெட் திரை என்றால் அணைத்த பிறகு ஸ்டாண்ட்பையில் செய்யும் பராமரிப்புச் சுழற்சியும் தடைப்படும். டிவியிலேயே ‘ஸ்லீப் டைமர்’ அல்லது ‘ஆஃப் டைமர்’ இருக்கும், பெரும்பாலும் சிஸ்டம் அல்லது நேரம் என்ற பகுதியில். பாட்டியின் நிகழ்ச்சி முடிந்து ஐந்து நிமிடம் கழித்து அணையும்படி வையுங்கள். அதற்கு முன் டிவியின் கடிகாரம் சரியான நேர மண்டலத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.